டிரம்முக்கு மாட்டிய பனியன்

சாமி,

இதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதி, உன் பையின் அடியில் துண்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ரயில் ஜோலார்பேட்டை தாண்டின பிறகு பிரித்தால் போதும். பூங்கொடி பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை. உனக்குத் தெரியாததுதான் இருக்கிறது.

உன் அப்பா என்னை சந்தேகப் பிராணி என்பார். லாரி ஓட்டிய காலத்தில் அவர் ஊரிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் "எங்கே இருக்கீங்க, பக்கத்துல யாரு, அந்தச் சத்தம் என்ன" என்று கேட்டே அவரை ஓய்த்துவிட்டேனாம். இருக்கட்டும். நான் பார்க்கிற வேலை அப்படி. லேபில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், இருக்குமோ என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இல்லை என்று சுலபமாக எழுதிவிட்டால் அந்த ஆள் வீட்டுக்குப் போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடப்பான். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உன் விஷயத்திலும் வந்தது. அது எங்கே சரியாகப் போனது, எங்கே தப்பாகப் போனது என்று நீ தெரிந்துகொண்டு ஒடிசாவுக்குப் போவது நல்லது.

முதலில் காணாமல் போனது உன் பனியன்கள். துவைத்துக் கொடியில் போட்டது காணாமல் போனால் காற்று என்று நினைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைக்கலாம். உன்னுடையது அழுக்குக் கூடையிலிருந்து காணாமல் போனது. நீ சங்ககிரிப் பட்டறையில் நாள் முழுக்க ரேடியேட்டர் பற்றவைத்து, வேர்வையும் கிரீஸுமாகக் கழற்றிப் போட்ட பனியனை யார் எடுப்பார்கள்? கூடவே சாக்ஸும் போனது. அதற்குப் பிறகு உன்மேல் ஒரு வாசம். சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிப் போய்விட்டு ஞாயிறு காலைப் பூசைக்கு நேராக வந்து நிற்பாய். பக்கத்தில் நின்றால் நாட்டுச்சர்க்கரை புளித்த மாதிரி ஒரு நெடி. சாராயம் காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் போனவர்களுக்கு அந்த நெடி தெரியும். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது உன் வாயருகே முகத்தைக் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ முத்தம் கொடுக்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தைக் காட்டினாய். நான் மோந்து பார்த்தேன். வாயில் வாசம் இல்லை, சட்டையில்தான் இருந்தது. குடிப்பவனாக இருந்தால் வாயில் இருக்கும். அப்படியென்றால் காய்ச்சுகிறானா என்று அடுத்த சந்தேகம்.

அப்புறம் உன் கால்களைப் பார்த்தேன். நீ கட்டிலில் குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய், லுங்கி முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. இரண்டு கெண்டைக்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. முழங்காலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை. கையில் இல்லை, கழுத்தில் இல்லை. அளந்து கோடு போட்ட மாதிரி முழங்காலுக்குக் கீழேயே நின்றிருந்தது. எந்த வியாதியும் அப்படி ஒழுங்காக வராது. உன் அப்பாவை எழுப்பிக் காட்டினேன். "கொசு கடிச்சிருக்கும், போய்ப் படு" என்றார். அது உண்மைதான் என்பது தெரியாமலே சொன்னார்.

பட்டறை முதலாளிக்குப் போன் செய்தேன். அதை நீ இன்றுவரைக்கும் அறியமாட்டாய். "ஏனுங்க, பையனுக்கு சனிக்கிழமை ஓவர்டைம் அதிகமா இருக்குதுங்களா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். "ஓவர்டைமுங்களா? சனிக்கிழமை மத்தியானமே பட்டறையச் சாத்திப்போடுவமுங்களே" என்றார். அன்றைக்கு நீ வந்ததும் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். நீயும் பாதியைச் சொன்னாய். கொசு ஆராய்ச்சி செய்கிற பூங்கொடி என்ற பெண் பட்டறைக்கு வந்தாள், மனித உடம்பு மாதிரிச் சூடாக இருக்கிற ஒரு டிரம் வேண்டும் என்று கேட்டாள், மேட்டூர் அணைத் தண்ணீர் ஓரத்தில் ஒரு மீனவர் குடியிருப்பில் வைத்துப் பார்க்கிறோம் என்றாய். டிரம்முக்குள் வெந்நீர், வெளியே கறுப்புத் துணி, அதன்மேல் பசைத் தாள். மூச்சுக்காற்றுக்கு ஈஸ்டும் சர்க்கரைத் தண்ணீரும் புளிக்கிற பாட்டில். உடம்பு வாசனைக்குப் போட்டுக் கழற்றிய துணி. கொசு அதை ஆள் என்று நினைத்து வந்து ஒட்டிக்கொள்ளும். "இது மட்டும் சரியா வந்துட்டா, கொசு பிடிக்கறதுக்காக இனிமே எந்த மனுசனும் காலை நீட்டி உட்கார வேண்டாம்மா" என்று சொன்னபோது உன் முகம் வெளிச்சமாக இருந்தது. அதனாலேயே எனக்கு சந்தேகம் கூடியது. இனிமேல் யாரும் உட்கார வேண்டாம் என்றால் இப்போது யார் உட்கார்கிறார்கள்? கேட்டேன். நீ தண்ணீர் குடிக்க எழுந்து போனாய். தண்ணீர் செம்பு உன் பக்கத்திலேயே இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். வெயில் கொளுத்துகிற நாளில் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்தாய். உன் விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்து, லேபுக்குக் கொண்டுபோய்ச் சாயம் ஏற்றினேன். எத்தனையோ பேருடைய ரத்தத்தைப் பார்த்தவள். அன்றைக்கு லென்ஸுக்கு விடுகிற எண்ணெய் அதிகமாகச் சொட்டிக் கண்ணாடி வழுக்கியது. ஊதிப்போன ஒரு சிவப்பணு, அதற்குள் ஒரு வளையம், வளையத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. இன்னொரு இடத்துக்கு நகர்த்தினேன். அங்கேயும் இருந்தது. என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான், பார்த்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொரு ஸ்லைடு போட்டேன். தப்பில்லை. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி, உன் அப்பாவை உனக்குக் காவல் வைத்துவிட்டு, நேராகப் பேருந்து நிலையம் போய் மேட்டூர் பஸ் ஏறினேன்.

போகிற வழி முழுக்க அவளிடம் பேச வேண்டியதை மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். தண்ணீர் ஓரத்தில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன, வலை காய்ந்துகொண்டிருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு கூடாரம், அதற்கு முன்னால் ஒரு டிரம்மைப் படுக்கவைத்திருந்தார்கள். டிரம்முக்கு உன் பனியனை மாட்டியிருந்தார்கள். தோள்பட்டையில் நான் நீல நூலால் தைத்த தையல் இருந்தது. உன்னை அங்கே படுக்கவைத்த மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் சாக்ஸும் போட்ட ஒரு பெண் குழாயில் எதையோ ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காலை மூடிக்கொண்டு என் பையன் காலைக் காட்டச் சொல்லியிருக்கிறாள் என்று நேராக அவள் முன்னால் போய் நின்றேன்.

"நீதான் பூங்கொடியா?"

"ஆமாங்க. நீங்க..."

"உன் டிரம் போட்டிருக்கற பனியன் என் பையனோடது."

அவள் எழுந்துவிட்டாள். "அம்மா, வாங்க, உட்காருங்க. அவர் நேத்திருந்து போனே எடுக்கலைங்க. எங்க இருக்காரு?"

"வீட்ல நடுங்கிட்டுக் கிடக்கறான். மலேரியா. ஸ்லைடை நானே பாத்தேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாயில் முதலில் வந்தது, "எந்த வகைங்கம்மா?"

"எப்படி இருக்கான்னு கேக்கத் தோணலை. எந்த வகைன்னு கேக்கத் தோணுது உனக்கு."

"வகை தெரிஞ்சாத்தானுங்க என்ன மருந்து, எத்தனை நாளுன்னு தெரியும்" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். அது தெரிந்ததால் என் கோபம் இன்னும் ஏறியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கேட்கிற மாதிரியே கத்தினேன். "தூண்டில்ல மாட்டுற புழுவா என் பையன்? மிசின் கொண்டாந்து மனுசனைக் காப்பாத்தறேன்னு சொல்லிட்டு, அந்த மிசினைச் சரிபார்க்க என் பையனைக் கடிக்க விட்டியா?" பூங்கொடி மறுக்கவில்லை. டிரம்மில் விழுகிற கொசு எவ்வளவு, ஓர் ஆளைத் தேடி வருகிற கொசு எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டிரம்மை நம்ப முடியும், அதற்காகத்தான் உட்கார்ந்தோம் என்றாள். "மாத்தி மாத்தித்தாங்க உட்காருவோம்" என்று சாக்ஸைக் கீழே இறக்கிக் காட்டினாள். அவள் காலும் உன் காலைப் போலத்தான் இருந்தது. "கொசு கால்ல உட்கார்ந்ததும், கடிக்கறதுக்கு முன்னாடி குழாயில உறிஞ்சிப் பிடிச்சறணும். ஆனா சிலது முந்திக்கும். அதுக்குத்தானுங்க தினமும் தடுப்பு மாத்திரை. ஒவ்வொரு நாளும் அவர்கிட்டக் கேட்டேன். முழுங்கிட்டேன்னுதான் சொன்னாரு."

"என் பையன் பொய் சொல்ல மாட்டான்" என்றேன்.

அவள் போனை எடுத்துத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, இன்றிலிருந்து ஆள் உட்காருவதை நிறுத்துகிறேன் என்றாள். அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "இல்லைங்க சார். வேற ஆளையும் உட்கார வைக்க மாட்டேன். நானும் உட்கார மாட்டேன். என் வேலை தள்ளிப்போனாலும் பரவால்லைங்க" என்றாள். போனில் நிஜமாகவே ஓர் ஆள் இருந்தாரா, என்னைச் சமாதானப்படுத்த வெறும் போனில் பேசினாளா என்று அப்போதும் எனக்கு ஐயம்தான். கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு நல்லாப் பொய் சொல்லுதுடா. மாத்திரை கொடுத்தாளாம், நீ முழுங்கினேன்னு சொன்னியாம்" என்றேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். சுவரைப் பார்த்தபடியே, "அவ சொன்னது நெசம்மா" என்றாய். மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது, இரண்டு தடவை வாந்தி வந்தது, அதனால் விட்டுவிட்டாய்.

"அதை அவகிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்னை உட்கார வேண்டாம்னு நிறுத்திருப்பா."

"நிறுத்தட்டுமே. நல்லதுதானே?"

"அப்புறம் சனிக்கிழமை எதைச் சொல்லிக்கிட்டுப் போறதும்மா?"

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரார் முன்னால் ஒரு பெண்ணை நிற்கவைத்துக் கத்திவிட்டு வந்திருக்கிறேன். அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூட இல்லை, கேட்ட கேள்வியையும் நீ சொன்ன பதிலையும் மட்டும் சொன்னாள். நெடி, தடிப்பு, பனியன் என்று எல்லாவற்றையும் மோந்தும் பார்த்தும் கண்டுபிடித்தவள், பொய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் கோட்டை விட்டேன். என் பிள்ளை என்பதால் உன் பக்கம் பார்க்கவேயில்லை. நீ இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. சந்தேகம் வந்தால் வரட்டும். ஆனால் நமக்கு யாரைப் பிடிக்குமோ அவர்களிடமிருந்து ஆரம்பி.

அவளே வீட்டுக்கு வந்தாள். உனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்த நாள். சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம்தான் முதலில் பேசினாள். "அம்மா, அன்னைக்கு நீங்க சொன்னதுல தப்பில்லைங்க. மாத்திரையை முழுங்கறதை நான் நேர்ல பாத்திருக்கோணும். கேட்டதோட விட்டுட்டேன்." நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போது அவள் தயங்கித் தயங்கி, "இன்னும் கொஞ்சம் அழுக்குப் பனியன் கிடைக்குங்களா?" என்றாள். உன் அப்பா அடுத்த அறையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அவருடைய பனியனையும் கொடுத்தோம். அவர் பனியனுக்கு ஒரு கொசுகூடச் சரியாக வரவில்லை என்று பிறகு தெரிந்தபோது மனிதருக்கு முகம் தொங்கிப்போனது.

நீ படுக்கையிலிருந்தபடியே டிரம்மை மாற்றி யோசித்தாய். லாரி கேபின் சீட்டுக்குப் போடுகிற பஞ்சை உள்ளே சுற்றினால் வெந்நீர் சீக்கிரம் ஆறாது, தரைக்குப் பக்கமாகச் சூடு இருந்தால்தான் கால் தேடி வருகிற கொசு வரும் என்றெல்லாம் அவளோடு போனில் வாதாடினாய். ஆளை உட்கார வைக்க முடியாததால், பூங்கொடி விடிந்ததும் டார்ச்சும் குழாயுமாக வீடு வீடாகப் போய், சுவரில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிற கொசுக்களைப் பிடித்து, டிரம்மில் விழுந்தவற்றோடு ஒப்பிட்டாள். முதலில் பூச்சியும் ஈயும்தான் ஒட்டின. ஒரு நாள் பல்லி ஒன்று டிரம்முக்குப் பக்கத்திலேயே தங்கி, வந்ததையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. மாதங்கள் போயின. ஒரு நாள் லேபுக்கே ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, இறக்கையில் புள்ளியுள்ள மலேரியாக் கொசுக்களை என் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள்.

நான் பாராட்டவில்லை. "ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா வர்ற அளவுக்கு இது பிடிக்குதா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

"இல்லைங்க. இன்னும் குறைச்சல்தான். முன்னாடி நாங்க உட்கார்ந்தப்ப வந்த அளவு இருக்குதுங்களே, அதை வெச்சுப் பாக்கறேன். எப்பவும் ஒரே மாதிரி குறையுதுன்னு தெரிஞ்சுட்டா, அதை வெச்சே கணக்குப் போடலாம். அது இன்னும் நிச்சயமாத் தெரியலைங்க."

அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்தது. லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் யாரும் என்னிடம் "தெரியவில்லை" என்று சொன்னதில்லை.

அடுத்தது அவள் அப்பா. நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் என்று பேசி முடித்து நம் வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே அவர் என்னைப் பார்த்துவிட்டார். இதுவும் உனக்குத் தெரியாது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல திடகாத்திரமான மனிதர் ஒருவர் லேபுக்கு வந்து மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

"காய்ச்சல் அடிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"குளிர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"எங்கிருந்து வர்றீங்க?"

"மல்லசமுத்திரமுங்க."

பூங்கொடியின் ஊர். அங்கே ரத்தம் பார்க்க இடமில்லையா என்று நினைத்தேன். பேசாமல் விரலைக் குத்தினேன். அவர் ரத்தத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார், நான் கையுறை மாற்றுவதைப் பார்த்தார், முன்னால் நின்ற ஒரு கிழவரிடம் எப்படிப் பேசினேன் என்று பார்த்தார். "ஏனுங்க, நீங்க பூங்கொடிக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் கூச்சத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் பெத்த புள்ளைங்க. பொண்ணைக் குடுக்கற ஊட்டுல எப்படின்னு, சொல்லாம வந்து பாத்துட்டுப் போலாம்னுதானுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் காய்ச்சல் இல்லாமலே ரத்தம் கொடுக்கப் போயிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தேன். சாமி வேறு, சாதி வேறு என்று இரண்டு பக்கமும் பேச வேண்டியவர்கள் பேசினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கே ஒருவரை ஒருவர் சோதித்து முடித்திருந்ததால் பதிவு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார முடிந்தது.

இப்போது அவளுக்கு ஒடிசாவில் வேலை. காட்டுக்குள்ளே மலேரியா அதிகமாக இருக்கிற ஊர்கள் என்கிறாள். நீ அங்கேயே டிரம் செய்கிற பட்டறை போடப் போகிறாய். சந்தோஷம்தான். ஆனால் எனக்குத் தெரியும், டிரம் சரியாக வராத ஒரு நாள் வரும். வெந்நீர் சூடாக்க விறகு கிடைக்காது, பாட்டில் புளிக்காது, மழை பசைத் தாளைக் கெடுத்துவிடும். அப்போது "ஒரே ஒரு நாள்தானே" என்று லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு உட்கார உனக்குக் கால் துறுதுறுக்கும். அதற்குப் பெயர் தைரியம் என்று நீயே உனக்குச் சொல்லிக்கொள்வாய். உட்காராதே. அந்த ஊரில் வேறு யாராவது கூலிக்கு உட்காருகிறேன் என்று வந்தாலும் விடாதே. அவனுக்கும் வீட்டில் ஒருத்தி ஸ்லைடு இல்லாமலே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே வருகிற மலேரியா உனக்கு இங்கே வந்த வகையைவிட மோசமானது. அதை நான் ஸ்லைடில் பார்த்திருக்கிறேன், மறுநாள் அந்த ஆள் இல்லை என்று கேட்டுமிருக்கிறேன்.

நேற்று நீ டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தபோது பூங்கொடி அடுப்படிக்கு வந்தாள். நான் உங்களுக்கு வழிக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தேன். "அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? அங்க போனதும் மறுபடியும் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கோணும். வயித்துக்கு ஒத்துக்கற மாத்திரையாத்தான் டாக்டர்கிட்ட வாங்கியிருக்கேன். அவரை நம்பலாமுங்களா?" என்றாள்.

கல்யாணமாகி வந்த பெண் மாமியாரிடம் கேட்கிற கேள்வியா இது? அவளுக்கு என்னிடம் கேட்கத் தோன்றியதே என்று மனசு நிறைந்துபோனது. நீ சின்ன வயதில் இருமல் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடிப்பாய், பிறகு ஜன்னல் கம்பி வழியாகத் துப்பிவிடுவாய், மழை பெய்தபோது சுவரெல்லாம் இளஞ்சிவப்பாக வடிந்துதான் எனக்குத் தெரிந்தது என்பதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"மத்த எல்லாத்துலயும் அவனை நம்பு" என்றேன். "மாத்திரை விஷயத்துல மட்டும், முழுங்கினதுக்கு அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்துக்க."

அதனால், சாமி, அவள் வாயைத் திறக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அகலமாகத் திற. பார்ப்பது அவள் மட்டும் இல்லை.

அம்மா